"முன்தேர்வு" என்று அச்சிட்ட கடிதத்தை நம்பி நான் இழந்தது

டெக்சாஸில் எங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்கு உறவினர் கடிதம் வருகிறதோ இல்லையோ, கிரெடிட் கார்டு விளம்பரம் தவறாமல் வரும். பிரிக்காமலே கிழித்துப்போடுவது என் வழக்கம். ஜனவரியில் வந்த ஒரு உறையை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை. "நீங்கள் முன்தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள், வேறு கார்டின் பாக்கியை எங்களிடம் மாற்றினால் 18 மாதம் வட்டியில்லை" என்று இருந்தது. என் பழைய கார்டில் 6,200 டாலர் பாக்கி, வட்டி 24 சதவீதம். மாதம் 124 டாலர் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தவனுக்கு அந்த வரி எப்படி இனித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

உடனே விண்ணப்பித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். இடையில் கார் பழுதாகி, கடனில் இன்னொன்று வாங்கினேன். மார்ச்சில்தான் கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். கடிதத்தில் என் பெயருக்கென்று அச்சிட்டிருந்த அழைப்புக் குறியீட்டைச் சொல்லவா என்று கேட்டதற்கு, "அது தேவையில்லை, இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள், உங்களுக்குக் கட்டாயம் கிடைக்கும்" என்றார் பேசிய பெண்மணி. அப்படியே செய்தேன். பத்தாம் நாள் மறுப்புக் கடிதம் வந்தது. அண்மையில் புதிய கடன் கணக்கு, வருமானத்துக்கு அதிகமான கடன் என்று இரண்டு காரணங்கள். பந்தியில் கூப்பிட்டு உட்காரவைத்து, சோறு வரும் நேரத்தில் இலையை உருவிக்கொண்டதைப் போல இருந்தது.

கோபத்தில்தான் சட்டத்தைப் படித்தேன். நம் கடன் வரலாற்றைத் தொகுத்துக் கடன் அறிக்கையாக வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் போன்ற நிறுவனங்களிடம் வங்கி சில தகுதிகளைச் சொல்லிப் பெயர்ப்பட்டியல் வாங்குகிறது. இப்படிப் பட்டியல் எடுப்பதால் நம் கிரெடிட் ஸ்கோர் குறையாது. ஆனால் பட்டியல் எடுத்த நாளின் நிலவரம் அது. நாம் விண்ணப்பிக்கும் நாளில் வங்கி நம் கடன் அறிக்கையை மறுபடி பார்க்கும். அந்த இரண்டாம் பார்வை நம் அறிக்கையில் இரண்டு ஆண்டு இருக்கும். எனக்கு ஸ்கோரில் 7 புள்ளி போனது.

முன்தேர்வு என்பது வெறும் விளம்பரமும் அல்ல. 1970ஆம் ஆண்டுக் கடன் அறிக்கைச் சட்டப்படி அது உறுதியான கடன் அழைப்பாக இருக்கவேண்டும். பட்டியலுக்கு வைத்த அதே தகுதிகள் நம்மிடம் இன்னும் இருந்தால் மறுக்கக்கூடாது. முன்கூட்டியே வகுத்த வேறு நிபந்தனைகளையும் வருமானத்தையும் மட்டும் சரிபார்க்கலாம். எவ்வளவு கடன் வரம்பு என்று வாக்குக் கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம். 20,000 வரை என்று போட்டிருந்த கார்டில் நண்பர் ஒருவருக்குக் கிடைத்தது 500 டாலர்.

ஆக, கார் கடன் என் தகுதியைக் கெடுத்திருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். என் வயிற்றெரிச்சல் அந்தக் குறியீட்டைப் பற்றியது. அது இல்லாமல் போனதால் என்னுடையது தெருவோடு போகிறவர் போட்ட விண்ணப்பமாகிவிட்டது என்று, மறுபரிசீலனைக்காகப் பேசியபோது அதே வங்கியின் இன்னொரு ஊழியர் சொன்னார். உங்கள் ஆள்தான் குறியீடு தேவையில்லை என்றார் என்று நான் சொன்னால், "அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்ற பதில். பேசிய தேதியையும் பெயரையும் நான் குறித்துவைக்கவில்லை. நீங்கள் குறித்துவையுங்கள்.

இனி கடிதம் வந்தால் முதலில் ஒரு கட்டத்தைத் தேடுங்கள்: இத்தகைய அழைப்புகள் வேண்டாமென்றால் 1-888-567-8688க்குப் பேசலாம் என்ற அறிவிப்பு. உண்மையான முன்தேர்வுக் கடிதத்தில் அது இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் ஊருக்கெல்லாம் போட்ட துண்டுப்பிரசுரம்தான், "சிறப்பு அழைப்பு" என்று எத்தனை தங்க எழுத்தில் இருந்தாலும். காலாவதித் தேதியைப் பாருங்கள். புதிதாகக் கடன் கொடுப்பவர்கள் பார்க்கமுடியாதபடி கடன் அறிக்கையை முடக்கிவைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் திறந்துவிடுங்கள். முடக்கினாலும் இந்தக் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கும்.

மறுப்பு வந்தால் 60 நாளுக்குள் கடன் அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். நான் வாங்கிவிட்டேன். எந்தத் தகுதிகளை வைத்து அழைத்தோம் என்ற விவரத்தை வங்கி மூன்று ஆண்டு கோப்பில் வைத்திருக்கவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதில் நான் தவறியது எது என்று பதிவுத்தபாலில் கேட்டிருக்கிறேன். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை.