“டெவலப்பர் பணம் வரட்டும்” என்று சொன்னால் நம்பிக் காத்திருக்காதீர்கள்

மலேசியாவில், ஷா ஆலாமில் ஓர் அடுக்குமாடியில் டைல்ஸ் ஒட்டும் வேலையை சப்கான்ட்ராக்ட் எடுத்தேன். கடைசி மூன்று பில், மொத்தம் 68,000 வெள்ளி (ரிங்கிட்), வரவேயில்லை. எனக்கு வேலை கொடுத்த மெயின் கான்ட்ராக்டர் கம்பெனியின் பெயர் வேண்டாம்.

எப்போது கேட்டாலும் மேனேஜரிடம் ஒரே பதில்: “டெவலப்பர் இன்னும் பணம் விடல அண்ணே. வந்ததும் முதல் செக் உங்களுக்குத்தான்.” ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி இருந்தது. மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டு, என் பக்கம் திருப்பிக் காட்டினார். கீழே என் கையெழுத்து. என்ன பேசுவது? பதினோரு மாதம் ஓடியது. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேனை விற்றேன்.

அப்புறம்தான் ஒரு வக்கீல் சொன்னார், அந்த மஞ்சள் வரி செல்லவே செல்லாதாம். மலேசியாவில் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கும் ‘சிபா’ சட்டம், அதாவது 2012ஆம் ஆண்டுக் கட்டுமானப் பணப்பட்டுவாடா, தீர்ப்பளிப்புச் சட்டம், 35ஆம் பிரிவிலேயே அதைத் தள்ளிவிட்டது. மேலே இருப்பவன் கொடுத்தால்தான் கீழே இருப்பவனுக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி என்று கேட்புக் கடிதம் அனுப்பினோம். பதில் சொல்ல அவர்களுக்கு 10 வேலை நாள். பதிலே வரவில்லை, வராவிட்டால் முழுத் தொகையையும் மறுத்ததாகத்தான் கணக்கு. இந்தச் சட்டப்படி தகராறை விசாரித்து முடிவு சொல்லும் தீர்ப்பாளரிடம் போனோம். இரு தரப்பு எழுத்தும் முடிந்த பிறகு, 45 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். சொன்னார். 61,000 வெள்ளி எனக்கு.

அதற்குள் கம்பெனி கணக்கில் ஒன்றுமில்லை. 30ஆம் பிரிவின்படி டெவலப்பரிடமே நேரடியாகக் கேட்கலாம் என்றார் வக்கீல். கேட்டோம். ஆனால் அந்த நேரத்தில் டெவலப்பர் மெயின் கான்ட்ராக்டருக்குப் பாக்கி வைத்திருந்தால்தான் அது நடக்கும். இரண்டு மாதம் முன்பே கடைசிக் காசு வரை கொடுத்து முடித்திருந்தார்கள்! எனக்கு வந்திருக்க வேண்டிய அந்த ‘முதல் செக்’ எங்கே போனதோ.

பணம் நிற்கிறவர்கள் கவனியுங்கள், வெறும் இன்வாய்ஸ் போதாது. எவ்வளவு, எந்தத் தேதிக்குள், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில், என்ன வேலைக்கு என்று எழுதி, இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறேன் என்ற வரியையும் சேர்க்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் இந்தச் சட்டம். வாய்ப்பேச்சில் வேலை எடுத்திருந்தால் இந்த வழி கிடையாது. தனிநபர் தாம் குடியிருக்கக் கட்டும், நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கும் இது பொருந்தாது.