செட்டிநாட்டுக் கொட்டான்: வாங்கும்போது பார்க்க வேண்டியதும், முடைந்து பார்க்க வேண்டியதும்

கல்யாணச் சாமான் பரப்பிய வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், வெள்ளியும் எவர்சில்வரும்தான் முதலில் கண்ணை இழுக்கும். ஓரமாக அடுக்கியிருக்கும் கொட்டானை, பனையோலையில் முடைந்த அந்தச் சின்னக் கூடையை, கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. எடுத்துப் பாருங்கள். அடி சதுரம், வாய் வட்டம். ஒரு ஆணி இல்லை, பசை இல்லை. ஓலை ஓலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாள் முழுக்கக் கைபேசியைப் பார்த்துச் சோர்ந்த கண்ணுக்கும் கைக்கும் இதைவிட நல்ல துணை செட்டிநாட்டில் இல்லை என்பதே எங்கள் தீர்ப்பு. ஆனால் ஒழுங்காக முடைந்த கொட்டானாக இருக்க வேண்டும்.

செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் வீட்டிலேயே முடைந்துகொண்டிருந்த பொருள் இது. பிளாஸ்டிக் வந்த பிறகு அந்தக் கை நின்றுபோனது. விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளை பழைய கொட்டான்களைப் பார்த்துச் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத் திரும்பவும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இப்போது புவிசார் குறியீடும் உண்டு. அதனால் சந்தையில் நல்லதும் இருக்கிறது, அவசரத்தில் முடைந்ததும் இருக்கிறது.

முதலில் கொட்டானைச் சமதளத்தில் வையுங்கள். அடியின் நான்கு மூலையும் தரையில் பட வேண்டும். ஒரு மூலை தூக்கினால் ஓலைகள் ஒரே அகலத்தில் கிழிபடவில்லை என்று பொருள், பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது. அடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் வரலாம், நெல் அளவு ஓட்டை கூடாது. ஓலை ஈரம் அதிகமாக இருக்கும்போது முடைந்தால், காய்ந்து சுருங்கிய பிறகு அந்த இடைவெளி விழும். விளிம்பை விரலால் சுற்றித் தடவுங்கள். வெட்டிய முனை எங்கும் நெருடக் கூடாது. நல்ல கொட்டான் உள்ளும் புறமும் இரட்டை ஓலையாக இருக்கும், முனைகள் இரண்டுக்கும் நடுவே மறைந்துவிடும். கடைசியாக, ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பு, நீல ஓலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் கரைத்த கொதிநீரில் வேகவைத்து எடுத்த ஓலை நிறம் விடாது. வெறுமனே தோய்த்து எடுத்தது விடும். அதில் மல்லிகையை வைத்தால் பூவெல்லாம் கறையாகும்.

குரோஷா நூல், மணி, துணி வைத்துத் தைத்த கொட்டான்கள் பார்க்க அழகு. அது பழைய வழக்கமும்தான். இருந்தாலும் முதல் கொட்டானை வெறும் ஓலையாக வாங்குங்கள் என்றே சொல்வோம். விளிம்பின் குறையை அலங்காரம் மறைத்துவிடும். விலை அளவைப் பொறுத்து மட்டும் ஏறுவதில்லை. ஓலை எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு வேலை. கையகலக் கொட்டானுக்கு முழங்கை அளவுப் பெட்டியைவிட அதிக விலை சொன்னால் அது நியாயம்தான்.

வாங்குவதைவிட முடைவதில்தான் கொட்டானின் முழு அருமையும் இருக்கிறது. காலையில் அரைமணி நேரம், திண்ணையிலோ முற்றத்து ஓரத்திலோ வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்தால் போதும். வேண்டியது குருத்தோலை. விரிந்து பச்சையேறிய சாரோலை மடிப்பில் உடையும். பனைக்கு ஒரே குருத்துதான், மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடும். ஒரே மரத்தில் அடுத்தடுத்து வெட்டினால் மரம் நலியும், நடுமொட்டு அடிபட்டால் பட்டே போகும். ஆகவே ஒரு மரத்தில் ஒன்று எடுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிறவரிடம் ஓலை வாங்குங்கள்.

ஈர்க்கை நீக்கி, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால் பச்சை வாடை போய் இளமஞ்சளாகும். அதை 6 மில்லிமீட்டர் அகலத்தில் கிழிக்க வேண்டும். கண்ணளவை நம்பாதீர்கள். ஒரு மரத்துண்டில் அந்த இடைவெளியில் இரண்டு பிளேடுகளை நட்டு, ஓலையை அதன் வழியே இழுத்தால் எல்லாம் ஒரே அகலம். வெற்றிலையோ பூவோ வைக்கும் சின்னக் கொட்டானுக்கு 50 சென்டிமீட்டர் நீளத்தில் 32 ஓலை போதும். தண்ணீரில் பத்து நிமிடம் நனைத்து, ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். வளைத்தால் சத்தமில்லாமல் வளைய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. அந்தப் பதம்தான் எல்லாமே.

நெட்டுக்கு 16, குறுக்குக்கு 16. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று நடுவிலிருந்து பின்னிக்கொண்டு வாருங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் பாய் கோணிக்கொள்ளும். 10 சென்டிமீட்டர்ச் சதுரம் வந்ததும் நான்கு பக்கத்திலும் துணி கிளிப் போடுங்கள். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள்: சதுரத்தின் மூலை கொட்டானின் மூலை ஆகாது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவில், எட்டாவது ஓலையையும் ஒன்பதாவது ஓலையையும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிட்டு இழுத்தால் அந்த இடம் மூலையாகித் தூக்கிக்கொள்ளும். அடி ஏழு சென்டிமீட்டராகச் சுருங்கி, சுவர் சாய்வாக ஏறும். ஏற ஏற வாய் தானாக வட்டமாகும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். அதைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஓலைகளைக் கீழ்நோக்கி நெருக்கிவிடுங்கள். நெருக்குவதை மறுநாளைக்கு விட்டுவைத்தால் ஒரே நாளில் பின்னல் தளர்ந்துவிடும். ஏழு, எட்டு சென்டிமீட்டர் உயரம் வந்ததும் ஒவ்வொரு முனையையும் மடக்கி, வந்த வழியிலேயே நான்கு கண்ணிக்குள் செருகி, மிச்சத்தை நறுக்குங்கள். இரண்டு கண்ணியோடு நிறுத்தினால் விளிம்பு பிரியும். உள்ளடுக்கைப் பிறகு பழகலாம்.

ஒரே மூச்சில் முடிக்க நினைக்க வேண்டாம். தினம் அரைமணி என்றால் முதல் கொட்டானுக்கு ஒரு வாரம் ஆகும். எழும்போது ஈரத் துணியை எடுத்துவிட்டு, பாதிக் கொட்டானைக் காற்றாடக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் மறுநாள் கரும்புள்ளி விழும். அடுத்த நாள் உட்காரும்போது திரும்ப நனைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை தவறினால் நாலு வரிசை தள்ளித்தான் தெரியும். அவசரப்பட்ட இடம் எது என்று ஓலையே காட்டிக்கொடுக்கும். பிரித்துத் திரும்பப் பின்னுங்கள். இரண்டு முறை பிரித்தாலும் குருத்தோலை தாங்கும், மூன்றாம் முறை மடிப்பில் நார் எழும்பும்.

அன்றாடத்துக்கு: வெற்றிலை பாக்கு, தொடுத்த பூ, வற்றல், பூண்டு, தையல் சாமான். பூ வைக்கும்போது அடியில் வாழையிலைத் துண்டு போடுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தை நேராக வைக்காதீர்கள், கறையும் சிக்கு வாடையும் போகாது. நேர் வெயிலில் நிரந்தரமாக வைத்தால் சாயம் வெளுக்கும். சாயமில்லாத ஓலை மட்டும் நாளாக ஆக நிறம் கனிந்து, தேன் நிறத்துக்கு வரும். நிறமில்லாத கொட்டானை நாங்கள் முதலில் சொல்வதற்கு அதுவும் காரணம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கவனம் வேண்டும். அலமாரிக்குள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிப் பூட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். தனித்தனியாக வெளியே வையுங்கள். பூசணம் பிடித்துவிட்டால் காய்ந்த துணியால் துடைத்து இளவெயிலில் ஒருமணி நேரம் காட்டுங்கள். தண்ணீரில் முக்கிக் கழுவ வேண்டாம்.