டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா? ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்கு எது சரி

டயர் மாத்தணும்னு வர்ற பாதி பேரு கேக்குறது இதான், ஆனா முதல்ல உங்க வீலைப் பாருங்க. சாதாரண ஸ்போக் வீல்னா கம்பி மாட்டுற ஓட்டை வழியா காத்து போயிடும், அதனால டியூப் இல்லாம ஓட்டவே முடியாது. அலாய் வீல்னா ரிம்லயே டியூப்லெஸ்னு போட்டிருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

விலை: டியூப் டயர் கம்மி. டியூப்லெஸ் கொஞ்சம் கூட, ஆனா டியூப் காசு மிச்சம்.

பஞ்சர்: இங்கதான் பெரிய வித்தியாசமே. டியூப்ல ஆணி ஏறுனா காத்து சட்டுனு இறங்கி வண்டி ஆட ஆரம்பிச்சிடும், ராத்திரி ரோட்டுல தள்ளிட்டுதான் போகணும். டியூப்லெஸ்ல ஆணி அப்படியே குத்தி நின்னா காத்து மெதுவாதான் இறங்கும், பெரும்பாலும் பஞ்சர் கடை வரைக்கும் ஓட்டிட்டே போயிடலாம், வீலைக் கழட்டாமலே அடைச்சிடுவாங்க. தயவுசெஞ்சு ஆணியை நீங்களே பிடுங்கிடாதீங்க.

குழி ரோடு: ரிம் வளைஞ்சா டியூப்லெஸ்ல ஓரமா காத்து கசியும், டியூப் அதைத் தாங்கும்.

தினம் ஆபீஸ் போறவங்க, பொம்பளைப் பிள்ளைங்க ஓட்டுற வண்டி, டியூப்லெஸ்னு போட்ட அலாய் வீல் இருந்தா கண்ணை மூடிட்டு டியூப்லெஸ். ஸ்போக் வீல், மண் ரோடுன்னா டியூப் டயரே போதும், ஆனா புது டயரோட புது டியூபும் போடுங்க, பழசு மடங்கி சீக்கிரம் போயிடும்.

எதை வாங்குனாலும் ஓரத்துல இருக்குற நாலு இலக்கத்தைப் பாருங்க. 2324ன்னா 2024ல 23வது வாரம் செஞ்சது, ரொம்பப் பழசுன்னா வேற கேளுங்க.