கோபன்ஹேகனில் சாப்பிடப் போகிறீர்களா? எங்கள் முன்பணம் 1,200 குரோனர் அம்போ!

எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். நோரெப்ரோ பக்கம், தெருமுனையில் உள்ள சின்ன டேனிஷ் சாப்பாட்டுக் கடை. சனிக்கிழமை மதியத்துக்கு நான்கு பேருக்கு ஆன்லைனில் மேசை பிடித்தோம். தலைக்கு 300 குரோனர் முன்பணம், பில்லில் கழித்துக்கொள்ளப்படும் என்று போட்டிருந்தது. மொத்தம் 1,200. பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்களுக்குப் பயந்து இங்கே பல கடைகள் இப்படி வாங்குகின்றன, அதனால் சந்தேகமே வரவில்லை.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். வெண்ணெய் தடவிய கறுப்பு ரை ரொட்டி, மேலே ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் வெங்காயமும். அடுத்து பொரித்த மீன், கூடவே ரெமுலாட் என்ற மயோனைஸ் வகை சாஸ். முதலில் ஹெர்ரிங், பிறகு மற்ற மீன், கடைசியில்தான் இறைச்சி என்று பரிமாறிய பெண் வரிசை சொல்லிக்கொடுத்தார். நண்பர் ரொட்டியைக் கையில் எடுக்கப் போக, சிரித்தபடி கத்தியையும் முள்கரண்டியையும் நகர்த்தி வைத்தார். ஸ்னாப்ஸ் என்ற மதுவை ஊற்றி, கண்ணைப் பார்த்து ‘ஸ்கோல்’ (நம்ம ‘சியர்ஸ்’ மாதிரி) சொல்லவேண்டும் என்றார். சொந்த வீட்டு விருந்து தோற்றது போங்கள்.

பில் வந்தது, 1,640. முன்பணம் கழிக்கப்படவே இல்லை. கேட்டதற்கு, "அது தனி சிஸ்டம், மூன்று நாளில் உங்கள் கார்டுக்குத் தானாக வந்துவிடும்" என்று சொல்லி, ரசீதின் பின்பக்கம் பென்சிலால் 1200 என்று எழுதி ஒரு வட்டமும் போட்டார். அவ்வளவு நேரம் அன்பாகப் பேசியவரிடம் எப்படிச் சண்டை போடுவது? முழுப் பில்லையும் கட்டிவிட்டு வந்தோம்.

பணம் வரவில்லை. கடைக்குப் போன் செய்தால், பதிவு செய்த தளத்தில் கேளுங்கள் என்கிறார்கள். தளத்தில் கேட்டால், பணம் அப்போதே கடைக்குப் போய்விட்டது என்கிறார்கள். மறுபடி கடை. மேனேஜர் லீவில் இருக்கிறாராம், மெயில் போடவேண்டுமாம். போட்டோம். "வருகைக்கு நன்றி, எங்களுக்கு ஸ்டார் கொடுங்கள்" என்று பதில் வருகிறது! அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டால், அவர் இப்போது இங்கே வேலையில் இல்லையாம். 1,200 குரோனர் என்றால் 15,000 ரூபாய்க்கு மேல். வங்கியிலும் புகார் கொடுத்தாயிற்று. பென்சில் எழுத்து ஆதாரமாகாதாம், முன்பணம் பற்றி ரசீதில் ஒரு வரியாவது இருக்கவேண்டுமாம்.

சரி, என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. முன்பணம் கழித்த பில் கைக்கு வரும்வரை கார்டை நீட்டாதீர்கள். பதிவு உறுதி மெயிலைப் போனில் திறந்து காட்டுங்கள். திரும்பத் தருகிறோம் என்றால் அங்கேயே மெயிலில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று, இங்கே மெனு விலையிலேயே 25 சதவீத வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். கார்டு மெஷின் டிப்ஸ் கேட்டால் தாராளமாகப் பூஜ்ஜியம் அழுத்தலாம்.

இப்படி மாட்டி, பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். 1,200 குரோனரை விடுவதாக இல்லை.