மண்ணீரலில் கட்டி: சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

அல்ட்ராசவுண்டில் மண்ணீரலில் ஏதோ தெரிந்ததும் பதற வேண்டாம். புற்றுநோய் வரலாறு இல்லாதவர்களுக்குத் தற்செயலாகத் தென்படுபவை பெரும்பாலும் சாதாரணக் கட்டிகளே. அடுத்து எந்த ஸ்கேன்?

நேரம்: சி.டி. சில நிமிடம். எம்.ஆர்.ஐ. அரை மணி நேரமாவது ஆகும், நடுநடுவே மூச்சடக்க வேண்டும்.

கதிர்வீச்சு: சி.டி.யில் உண்டு, எம்.ஆர்.ஐ.யில் இல்லை.

தெளிவு: கால்சியம் படிவைக் காட்டுவதில் சி.டி.தான் கெட்டி. ஆனால் கான்ட்ராஸ்ட் மருந்து (படம் தெளிவாகத் தெரிய ரத்தநாளத்தில் ஏற்றுவது) ஏற்றிய முதல் அரை நிமிடத்தில் நல்ல மண்ணீரலே வரிவரியாகத் தெரியும். அதைக் கட்டி என்று நினைத்துவிடக் கூடாது. மருந்து ஏற்றி சுமார் 70 நொடி கழித்து எடுத்த படத்தைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தில் (நீர்த்தன்மையை வெண்மையாகக் காட்டும் வகை) நீர்க்கட்டியும் ரத்தநாளக் கட்டியும் வெள்ளையாகப் பளிச்சிடும். மருந்து ஏற்றினால் ரத்தநாளக் கட்டி அதை உறிஞ்சும், நீர்க்கட்டி உறிஞ்சாது.

அடிபட்டவருக்கு, அவசரத்துக்கு சி.டி. அதில் பிடிபடாத கட்டிக்கும், சிறுவயதினருக்கும், அடிக்கடி கண்காணிக்க வேண்டியவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. பழைய ஸ்கேன் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள்.