தெயாவா, பொயென்சாவா, சந்தாஞியா: மயோர்காவின் அமைதியான பக்கம் எது?

ஸ்பெயினின் மயோர்காத் தீவுக்கு ஓய்வெடுக்கப் போகிறோம் என்று ஐரோப்பாவில் யாரிடமாவது சொன்னால், 'அங்கேயா?' என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தலைநகர் பால்மாவுக்கு ஒரு பக்கம் மகலூஃப், இன்னொரு பக்கம் எல் அரெனால். முன்னதில் பிரிட்டிஷ் இளைஞர்களும் பின்னதில் ஜெர்மன் இளைஞர்களும் விடியவிடியக் குடித்து ஆடுவார்கள். தீவின் பெயர் கெட்டது இந்த இரண்டு இடங்களால். ஆனால் மயோர்கா ஒன்றும் சின்னத் தீவு இல்லை, 3,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கூத்தெல்லாம் தெற்கே ஒரு குறுகிய கரையோடு முடிந்துவிடும். விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால், இரவில் தவளைச் சத்தம் கேட்கும் ஊர்கள் வந்துவிடும்.

எந்தப் பக்கம் போவது என்பதில்தான் குழப்பம். வடமேற்கே மலையை ஒட்டிய தெயாவும் சோயேரும், வடமுனையில் பொயென்சாவும் ஃபொர்மெந்தோரும், தென்கிழக்கே சந்தாஞி. மூன்றையுமே 'அமைதி, சொகுசு' என்று ஒரே மாதிரி விளம்பரம் செய்கிறார்கள். மூன்றிலும் தங்கிப் பார்த்துவிட்டேன். ஓட்டலின் நட்சத்திரங்களை வைத்து நான் ஒப்பிடப் போவதில்லை, அந்த விலையில் கட்டிலும் குளியலறையும் எங்கேயும் நன்றாகத்தான் இருக்கும். என் அளவுகோல் ஒன்றுதான்: ஒரு நாளில் எத்தனை முறை கார் சாவியைத் தேட வேண்டியிருக்கிறது? ஓர் இரவுக்கு ஆயிரம் யூரோ கொடுத்துவிட்டு, வெளியே ஒரு காபி குடிக்கக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏற வேண்டும் என்றால் அது என்ன ஓய்வு?

முதலில் தெயா. ஆயிரம் பேர்கூட இல்லாத கிராமம். திராமுந்தானா மலைத்தொடரின் சரிவில், தேன் நிறக் கல் வீடுகள், பச்சை ஜன்னல் கதவுகள். கடலுக்கும் ஊருக்கும் நடுவே படிப்படியாக இறங்கும் ஒலிவத் தோட்டங்கள். அந்தப் படிகளைத் தாங்கி நிற்கும் சுவர்களில் சாந்தே கிடையாது, கல்லின் மேல் கல்லை அடுக்கியே கட்டியது. 2011இல் இந்த மலைத்தொடரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது முக்கியமாகச் சொன்னது இயற்கை அழகை அல்ல, நூற்றாண்டுகளாக இந்தச் சரிவை வயலாக்கிய மனித உழைப்பைத்தான். ஓட்டல் வராந்தாவில் சாய்ந்துகொண்டு நாம் பார்ப்பது வெறும் காடு என்று நினைத்துவிடக் கூடாது.

ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1929இல் இங்கே குடியேறினார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்த 1936இல் கிளம்பிப் போனவர் 1946இல் திரும்பி வந்தார், 1985இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். குன்றின் உச்சியில் உள்ள தேவாலயத் தோட்டத்தில் அவர் கல்லறை, ஒரு சிமென்ட் பலகை போல அவ்வளவு எளிமையாக இருக்கிறது. அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். அவரைப் பின்பற்றிக் கலைஞர்கள் வந்தார்கள், கலைஞர்களைப் பின்பற்றிப் பணம் வந்தது. பழைய பண்ணை மாளிகைகளை இணைத்து உருவாக்கிய லா ரெசிடென்சியா ஓட்டல் அந்தப் பணத்தின் அடையாளம். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன் கையில் இருந்தது, இப்போது பெல்மாண்ட் என்ற ஓட்டல் நிறுவனம் நடத்துகிறது. ஒலிவ எண்ணெய் ஆட்டிய பழைய செக்கு அறைதான் அதன் பெரிய உணவகம்.

அழகு சரி, சாவிக் கணக்கு? ஓட்டலில் இருந்து ஊருக்குள் நடந்தே போகலாம், அது பெரிய நிம்மதி. ஆனால் கடல் கீழே இருக்கிறது. கலா தெயா என்ற சின்ன விரிகுடாவுக்கு (கலா என்றால் பாறைகளுக்கு நடுவே கடல் உள்வாங்கிய இடம்) அரை மணி நேரம் இறங்க வேண்டும், வெயிலில் திரும்ப ஏறவும் வேண்டும். மணலும் கிடையாது, கூழாங்கல்தான். செருப்பு இல்லாமல் தண்ணீரில் இறங்கினால் பரதநாட்டியம் ஆடலாம்.

இன்னொன்று, பகல் பத்து மணிக்கு மேல் தெயா அமைதியான ஊர் இல்லை. ஊரின் நடுவே ஒரே ஒரு சாலை. அதில் சுற்றுலாப் பேருந்து, சைக்கிள் கூட்டம், வாடகைக் கார் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். நான் பதிவு செய்திருந்தது சின்னக் கார். கவுண்ட்டரில் இருந்தவர் 'உங்களுக்கு இலவசமாகப் பெரிய வண்டி' என்று சிரித்தபடி சாவியை நீட்டினார். பக்கத்து மலையூரான வால்டெமோசாவுக்கும் தெயாவுக்கும் நடுவே எதிரே பேருந்து வந்தபோதுதான் அந்த இலவசத்தின் விலை தெரிந்தது. ஒரு பக்கம் கல் சுவர், இன்னொரு பக்கம் பள்ளம், நடுவில் நான், பின்னால் ஏழெட்டு சைக்கிள்காரர்கள். வண்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்பதை இந்தத் தீவில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தக் கூட்டம் வடிந்துவிடும். பிறகு மேற்கே கடலில் இறங்கும் சூரியனும், மலை பிடித்துவைத்த செம்மையும் அங்கே தங்கியவர்களுக்கு மட்டும். தெயாவில் ஓட்டல் கட்டணம் என்று நாம் கொடுப்பது இந்த மூன்று நான்கு மணி நேரத்துக்கான விலை. பகல் பயணியாக வந்துபோனவர்கள் 'என்னப்பா இவ்வளவு கூட்டம்' என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் சோயேர். இதைத் தெயாவின் நிழலில் வைத்தே எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு முழுக்க ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டம். பால்மாவுக்குப் போக மலையைத் தாண்ட வேண்டியிருந்ததால், அந்தக் காலத்துச் சோயேர்காரர்கள் கப்பலில் பிரான்சுக்குப் போவதையே எளிதாக நினைத்தார்கள். ஆரஞ்சு போயிற்று, காசு வந்தது, பிரான்சு பாணி வீடுகள் எழுந்தன. 1912இல் பால்மாவிலிருந்து மலையைக் குடைந்து ரயில் விட்டார்கள். 27 கிலோமீட்டர், 13 சுரங்கங்கள், மரப் பெட்டிகள். அடுத்த ஆண்டே ஊரிலிருந்து துறைமுகத்துக்கு டிராம். இரண்டும் இன்னும் ஓடுகின்றன.

இந்த டிராம்தான் என் கணக்கில் சோயேரை மேலே தூக்கிவிடுகிறது. ஊர்ச் சதுக்கத்தில் காபி, டிராமில் துறைமுகம், குதிரை லாட வடிவ விரிகுடாவில் குளியல், கரையோரம் ஒரு தட்டு சோயேர் சிவப்பு இறால், மறுபடி டிராம். காரே வேண்டாம். மீன், இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரு தகவல்: தும்பெத் என்று கேளுங்கள். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாயை எண்ணெயில் பொரித்து அடுக்கித் தக்காளிச் சாறு ஊற்றியது. பல இடங்களில் மீனுக்கோ கறிக்கோ துணையாக வருவது அது, தனியாகக் கேட்டால் தருவார்கள். துறைமுகத்துக்கு மேலே பாறை உச்சியில் ஜுமேரா ஓட்டல் இருக்கிறது. காட்சி பிரமாதம், ஆனால் அங்கே தங்கினால் மறுபடி ஏற்ற இறக்கம். அதைவிட ஊருக்குள் பழைய மாளிகைகளில் நடத்தும் சின்ன ஓட்டல்கள் எனக்குப் பிடிக்கும்.

பொயென்சா பக்கம் வருவோம். திராமுந்தானா மலை தன் கடைசி விரலைக் கடலுக்குள் நீட்டும் இடம்தான் ஃபொர்மெந்தோர் முனை. அதன் பைன் காட்டுக்குள் 1929இல் அதான் தீயல் என்ற அர்ஜென்டினாக்காரர் ஒரு ஓட்டல் திறந்தார். உலகப் பொருளாதாரம் சரிந்த ஆண்டு அது. மனிதர் கையில் ஓட்டல் நிலைக்கவில்லை, ஓட்டல் மட்டும் நிலைத்தது. சர்ச்சில், கிரேஸ் கெல்லி எல்லாம் தங்கினார்கள். 1961இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஃபொர்மெந்தோர் இலக்கியப் பரிசு, போர்ஹெஸுக்கும் பெக்கெட்டுக்கும் பாதிப்பாதியாகப் போனது. அந்த ஓட்டலை அடியோடு புதுப்பித்து 2024இல் ஃபோர் சீசன்ஸ் பெயரில் திறந்திருக்கிறார்கள்.

எதுவும் செய்யாமல் கிடக்க வேண்டும் என்றால் மூன்று பகுதிகளிலும் இதுதான் முதலிடம். காட்டைத் தாண்டினால் வெண்மணல், கண்ணாடி போலத் தண்ணீர், பைன் நிழல் கரைவரை வரும். சாவி வேண்டவே வேண்டாம். ஆனால் அதற்குக் காரணம், போவதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லாததுதான். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஓட்டல் விலையில்தான் சாப்பாடு. இன்னொரு விஷயத்தை ஓட்டல் படங்கள் காட்டாது: ஸ்பெயினில் கடற்கரை எல்லாமே பொதுச் சொத்து. பொயென்சா துறைமுகத்திலிருந்து படகிலும் பேருந்திலும் வருகிறவர்கள் அதே மணலில் துண்டு விரிப்பார்கள், அது அவர்கள் உரிமை. 'தனிக் கடற்கரை' என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள். கோடையில் பகல் நேரத்தில் முனைச் சாலையில் தனியார் கார்களைக் கட்டுப்படுத்துவதால் இரைச்சல் முன்பைவிடக் குறைவு.

பொயென்சா ஊர் வேறு வகை. கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, கடற்கொள்ளையருக்குப் பயந்து தள்ளிக் கட்டிய ஊர். சைப்ரஸ் மரங்கள் இருபுறமும் நிற்க, கால்வாரி குன்றுக்கு 365 படிகள். ஞாயிறு காலை சதுக்கத்தில் சந்தை. ஊருக்கு வெளியே, 18ஆம் நூற்றாண்டு யேசுசபை மடத்தை மாற்றிய சோன் புருய் ஓட்டல் இருக்கிறது. வயதான அப்பா அம்மாவோ சின்னக் குழந்தைகளோ கூட வருகிறார்கள் என்றால் நான் துறைமுகப் பக்கத்தைத்தான் சொல்வேன். விரிகுடா ஆழமில்லாதது, கரையோரப் பைன் நடைபாதையில் ஒரு மேடு பள்ளம் கிடையாது. சாயங்காலம் மூன்று தலைமுறையும் ஒரே வேகத்தில் நடக்கலாம். பிற்பகலில் காற்று கொஞ்சம் முரட்டுத்தனமாக வீசும், பாய்ப்பலகையில் (விண்ட்சர்ஃபிங்) சறுக்குபவர்களுக்குக் கொண்டாட்டம்.

சந்தாஞியை நான் நிறைய எதிர்பார்த்துப் போனேன். தேன் நிற மணற்கல் ஊர், பால்மா பேராலயத்துக்கே இந்தப் பக்கத்துக் கல் போயிருக்கிறது. புதன், சனி சந்தை. நிலம் தட்டை, சாலை நேர், கார் ஓட்டுவது சுகம். அதுதான் பிரச்சினையும்: எல்லாவற்றுக்கும் கார் ஓட்ட வேண்டும். நல்ல தங்குமிடங்கள் என்றால் பாதாம், அத்தி மரங்களுக்கு நடுவே உள்ள பண்ணை வீடுகள். கதவைத் திறந்தால் ஆட்டு மணிச் சத்தம், வேறொன்றும் கேட்காது. ஆனால் ரொட்டி வாங்கவும் சாவி, குளிக்கவும் சாவி, இரவுச் சாப்பாட்டுக்கும் சாவி. குடிக்கிறவர்கள் இருந்தால் யார் ஓட்டுவது என்ற சண்டை வேறு.

குளிக்கும் இடங்களும் சின்னச் சின்ன விரிகுடாக்கள். கலோ தெஸ் மோரோ என்ற ஒன்றைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், நீல மை ஊற்றியது போல இருக்கும். ஒரு வகுப்பறைக் கூட்டத்துக்கே நெருக்கடியாகிவிடும் அந்த இடத்துக்குக் கோடையில் ஊரே வருகிறது. 2024 ஜூனில் உள்ளூர்க்காரர்களே அங்கே திரண்டு, எங்கள் கடற்கரையை எங்களுக்கு விடுங்கள் என்று போராடினார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு ஜூலையில் அங்கே போக எனக்கு மனம் வரவில்லை. பதிலாக மொந்த்ராகோ இயற்கைப் பூங்கா, அல்லது உப்பளங்களை ஒட்டிய எஸ் த்ரெங்க் நீள் கடற்கரை. அங்கே கரையில் பழுப்பாக ஒதுங்கிக் கிடப்பதைக் குப்பை என்று நினைத்து முகம் சுளிக்காதீர்கள். அது பொசிதோனியா கடற்புல்லின் சருகு. அலை மணலை அரிக்காமல் காப்பதும், தண்ணீர் தெளிந்திருப்பதும் அந்தப் புல்லால்தான்.

அக்டோபர் என்றால் என் தீர்ப்பு தலைகீழ். கூட்டம் போய்விட்டிருக்கும், கடலில் கோடையின் சூடு மிச்சமிருக்கும். காம்போஸ் ஊருக்குப் பக்கத்தில் ஃபோன்சாந்தா என்ற வெந்நீர் ஊற்று ஓட்டல் இருக்கிறது, பெரியவர்களுக்கு மட்டும். அந்த மாதத்தில் ஒரு மழை நாளை அங்கே கழிப்பது தனி சுகம். ஆனால் நவம்பர் தாண்டித் தள்ளிப்போடாதீர்கள், பெரிய ஓட்டல்கள் பல குளிர்காலத்தில் மூடிவிடும். மலைப்பக்கம் ஈரமும் குளிருமாக இருக்கும். 1838-39 குளிர்காலத்தை வால்டெமோசா மடத்தில் கழித்த போலந்து இசையமைப்பாளர் ஷோபன் அங்கே பிரெலூட் இசைக்கோவைகளை முடித்தார் என்பது உண்மை, இருமி இருமி அவதிப்பட்டார் என்பதும் உண்மை.

செலவு, எந்த வகைத் தங்குமிடம் என்பதைப் பொறுத்தது. கோடையில் தெயாவிலும் ஃபொர்மெந்தோரிலும் பெரிய ஓட்டல்கள் ஆயிரம் யூரோவை எளிதாகத் தாண்டும், பண்ணை வீடுகளும் சோயேரின் சின்ன ஓட்டல்களும் அதைவிடக் கணிசமாகக் குறைவு. இதற்கு மேல் தீவின் சுற்றுலா வரி தனி.

ஆக, ஏழு இரவுகள் கையில் இருந்தால், மே மாதத்தில் ஐந்தைச் சோயேர் ஊருக்குள்ளும் இரண்டைத் தெயாவிலும் கழிப்பேன். தெயாவின் மாலையைப் பார்க்க இரண்டு போதும். குடும்பத்தோடு என்றால் ஏழும் பொயென்சா துறைமுகத்தில். தேனிலவுக்காரர்கள் ஃபொர்மெந்தோருக்குப் போகட்டும், அவர்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லாதது குறையாகத் தெரியாது. போன தடவை நான் விமான நிலையத்தில் கார் கவுண்ட்டரைக் கடந்து நேராக டாக்சி பிடித்துச் சோயேர் போனேன். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அப்புறம் அந்த வாரம் முழுக்க டிராம்தான்.