ரெண்டு கலர் அலாய் வீல்: கொழும்பு உப்புக்காத்துக்கு எந்த ஃபினிஷ் நிண்டுபிடிக்கும்?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், மரைன் டிரைவில இருந்து ஒரு ஒழுங்கை உள்ளுக்கு காரை நிப்பாட்டினாலும் விடிய கண்ணாடியில கை வைச்சா பிசுபிசு எண்டு ஒட்டும். அந்த உப்புத்தான் கறுப்பும் மினுக்கமுமா இருக்கிற அலாய் வீலுக்கு முதல் எதிரி. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தவை, திறந்த பிறகும் விலைக்குக் கிட்டப் போகேலாது, அதால இருக்கிற காரையே வடிவா வைச்சிருப்பம் எண்டு வீலைத் திரும்பச் செய்விக்கிற ஆக்கள் கனபேர். எல்லாரும் கலரைத்தான் முதல் பாக்கினம். நான் சொல்லுவன், கறுப்பும் மினுக்கமும் சந்திக்கிற அந்த விளிம்பைப் பாருங்கோ, எந்த ஃபினிஷ் எண்டாலும் அங்கதான் முதல் செத்துப்போகும்.

முதல்ல டயமண்ட் கட். வீல் முழுக்க கறுப்பு இல்லாட்டி கிறே அடிச்சு, பிறகு சிஎன்சி லேத்தில (கம்பியூட்டர் ஓட்டுற கடைசல் மெசினில) போட்டு முகத்தை மட்டும் மெல்லிசாச் சீவி எடுப்பினம், சீவின இடத்தில வெறும் அலுமினியம் பளபளக்கும், அதுக்கு மேல கிளியர், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. கம்பனியில இருந்து வாற ரெண்டு கலர் வீல் கனக்க இப்பிடித்தான். வெயிலுக்க திருப்பிப் பாத்தா லேத் போன நுண்ணிய வளையங்கள் வானவில் கலர்ல மின்னும், அந்த வடிவுக்கு வேற ஒண்டும் கிட்ட வராது, அதை நான் மறுக்கேல்ல.

பிரச்சினை என்னெண்டா சீவின இடத்தில ஸ்போக் விளிம்பு கத்தி மாதிரிக் கூரா வரும். கிளியர் ஈரமா இருக்கேக்க கூரான விளிம்பில நிக்காது, இழுபட்டு ரெண்டு பக்கமும் விலகிடும், அதால நடுவில தடிப்பாவும் விளிம்பில ஒண்டுமில்லாத மாதிரியும்தான் காயும். அந்த மெல்லிசான இடத்தால, இல்லாட்டி ஒரு கல் பட்ட காயத்தால உப்பும் ஈரமும் உள்ள போனா கிளியருக்குக் கீழ வெள்ளையா நெளிஞ்சு நெளிஞ்சு கோடு ஓடத் தொடங்கும். ஃபிலிஃபோர்ம் அரிப்பு எண்டு இதைச் சொல்லுறது. காத்தில ஈரப்பதன் 75 சதவீதத்துக்கு மேல இருந்தா இது நல்லா வளரும், கொழும்பில அனேகமா வருசம் முழுக்க அந்த நிலைமைதானே. கோடு ஓடத் தொடங்கினா மேலால என்ன தடவியும் நிப்பாட்டேலாது, கிளியரை முழுக்க எடுத்துத் திரும்பச் சீவத்தான் வேணும், ஒவ்வொரு தரமும் கொஞ்ச உலோகம் போகுது, ரெண்டு மூண்டு தரத்துக்கு மேல நல்ல கடைக்காரர் செய்யமாட்டினம். செக்கண்ட் ஹேண்ட் வீல் வாங்கிறவை இது முந்தி எத்தினை தரம் சீவினது எண்டு கட்டாயம் கேக்கோணும்.

இதிலயே ரெண்டு வகை இருக்கு. ஸ்பிறே கன்னால அடிக்கிற ரூ-கே (ரெண்டு திரவம் கலந்து அடிக்கிற) கிளியர் ஒண்டு, தூளா அடிச்சு ஓவன்ல சுடுற அக்ரிலிக் பவுடர் கிளியர் மற்றது. பவுடர் தடிப்புக் கூட, கல் அடிக்குத் தாங்கும், கடற்கரைப் பக்கம் டயமண்ட் கட்தான் வேணுமெண்டு நிக்கிறவை பவுடர் கிளியர் செய்யிற இடத்தைத்தான் தேடோணும். ஆனா சீவின உடன கழுவி, அலுமினியத்துக்குரிய கெமிக்கல் ட்ரீட்மெண்ட் குடுத்து, கை படாம கிளியர் அடிக்கோணும், விளிம்பை சாண்ட்பேப்பரால லேசா உருட்டியும் விடோணும். இந்த ரெண்டையும் செய்வீங்களோ எண்டு கேளுங்கோ, மழுப்பினா வேற கடை.

அடுத்தது கண்ணாடி மாதிரி பொலிஷ் பண்ணி மேல கிளியர். இதை நான் யாருக்கும் சொல்லமாட்டன். வழுவழுப்பா பொலிஷ் பண்ணின அலுமினியத்தில கிளியர் பிடிச்சு நிக்க ஒரு பிடிமானம் இல்லை, லேத் வளையங்களாவது கொஞ்சம் பிடிக்கும், இதில அதுவும் இல்லை. ஒரு இடத்தில தூக்கினா நகத்தால இழுக்க உரிஞ்சுகொண்டே வரும்.

பொலிஷ் பண்ணிப்போட்டு கிளியரே அடிக்காம விடுறது இதைவிட எவ்வளவோ நேர்மையான வேலை. பொக்கெட்டுக்குள்ள (ஸ்போக்குகளுக்கு இடையில இருக்கிற குழிக்குள்ள) கறுப்பு, முகமும் லிப்பும் (வெளி விளிம்பும்) வெறும் உலோகம். மேல படலம் இல்லாததால அதுக்குக் கீழ ஓடுற வெள்ளைக் கோடும் அங்க வராது. மங்கும், உப்புப் பட்டு சின்னச் சின்னப் புள்ளி விழும், ஆனா மெட்டல் பொலிஷ் ஒரு ரியூப்பும் துணியும் இருந்தா வீட்டு வாசல்லயே திருத்தலாம், கேர்ப்ல உரஞ்சினாலும் அந்த இடத்தை மட்டும் சாண்ட்பேப்பர் பிடிச்சு எடுக்கலாம். மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காத்து கடலைத் தூக்கி வீதியில எறியிற காலத்தில இதை அடிக்கடி செய்யோணும், தவறாம வாக்ஸும் போடோணும். காரைத் துடைக்கிறதை விருப்பத்தோட செய்யிற ஆளெண்டா தாராளமா எடுங்கோ, மற்றவைக்கு வேண்டாம்.

கடைசி வழி, உலோகத்தைக் காட்டாமலே ரெண்டு கலர் செய்யிறது. வீல் முழுக்க கறுப்பு பவுடர், பிறகு பொக்கெட்டை மாஸ்க் பண்ணி (ஒட்டி மறைச்சு) முகத்துக்கு நல்ல பிரகாசமான சில்வர், எல்லாத்துக்கும் மேல ஒரு கிளியர். இதில அலுமினியம் ஒரு இடத்திலயும் வெறுமையா இல்லை, கறுப்பும் சில்வரும் சந்திக்கிற கோட்டுக்குக் கீழயும் ஒரு முழுப் பூச்சு இருக்கு, கிளியர் பழுதானாலும் முகத்தில உப்பு உலோகத்தைத் தொட இன்னும் ரெண்டு படை தாண்டோணும். கிட்ட நிண்டு பாத்தா டயமண்ட் கட் மினுக்கம் இல்லைத்தான், பத்தடி தள்ளி நிண்டா அனேகம் பேருக்கு வித்தியாசம் விளங்காது. குரோம் மாதிரி பவுடர் இருக்கு எண்டு சொல்லுவினம், கிளியர் அடிச்ச உடன அது மங்கி சாதாரண சில்வர் ஆகிடும், கிளியர் அடிக்காட்டி நிண்டுபிடிக்காது, அதுக்குக் காசைக் கூடக் குடுக்காதேங்கோ. கழட்டி எடுக்கிற ரப்பர் ஸ்பிறேயும் ஒரு சீசனுக்கு ஆசை தீக்கத்தான்.

என்ர முடிவு, கடலுக்குக் கிட்ட இருந்து ஒவ்வொரு நாளும் ஓடுற காருக்கு இந்தக் கடைசி வழிதான். நுகேகொடை, மஹரகம மாதிரி உள்பக்கம் இருந்து, மூடின கராஜ்ல நிக்கிற காருக்கு பவுடர் கிளியரோட டயமண்ட் கட் எடுக்கலாம்.

பவுடர் எண்டா ஒரு விசயம். இங்க கேற், கிறில், ஜன்னல் பிறேமுக்கு பவுடர் கோட்டிங் செய்யிற இடங்கள்லயும் வீல் எடுப்பினம். வார்ப்பு அலுமினியத்துக்குள்ள சின்னத் துளைகள் இருக்கு, அதுக்க நிக்கிற காத்தும் எண்ணெயும் ஓவன்ல வெளிய வந்து பூச்சில ஊசிக்குத்து மாதிரி ஓட்டை போடும், அதால பவுடர் அடிக்க முதல் வெறும் வீலை ஒருக்கா சுட்டு எடுக்கோணும். சூடு 200 பாகை செல்சியஸைத் தாண்ட விடாதேங்கோ, வீல் தன்ர பலத்தை எடுத்ததே சூட்டுப் பதத்தாலதான், அளவு மிஞ்சினா அந்தப் பலம் குறையும்.

நட் இருக்கிற குழியையும் ஹப்பில (வீல் பூட்டுற அச்சுத் தலையில) முட்டுற பின்பக்கத்தையும் மாஸ்க் பண்ணச் சொல்லுங்கோ, அங்க பூச்சு இருந்தா நட் இறுக்கின பிறகு பூச்சு நசிஞ்சு நட் தளரும். பூட்டி ஒரு 100 கிலோமீட்டர் ஓடினாப்பிறகு டோர்க் ரெஞ்சால (இறுக்கத்தை அளக்கிற சாவியால) நட்டைத் திரும்ப ஒருக்கா பாக்கோணும். ரயர் கடையில வீல் பலன்ஸ் பண்ண விளிம்பில அடிக்கிற கிளிப் வெயிற் வேண்டாம் எண்டு முதல்லயே சொல்லிவிடுங்கோ, உள்பக்கம் ஒட்டுற வெயிற் கேளுங்கோ, கிளிப் அடிச்ச ஒரே அடியில லிப்பில பூச்சு வெடிச்சிடும். சேர்விஸ் ஸ்டேஷன்ல பிறேக் தூசிக்கு அடிக்கிற அசிட் கிளீனருக்கும் அதே பதில், ஷாம்பூவும் தண்ணியும் காணும்.